99 விழுக்காடு மறைந்தாலும் அது முழுக்கிரகணம் ஆகாது

"2019 டிசம்பரில் எங்கள் ஊரிலேயே, வீட்டு மொட்டைமாடியில் நின்று நெருப்பு வளையத்தைப் பார்த்துவிட்டேன். 2027 ஆகஸ்ட் 2 அன்று வரவிருக்கும் முழுச் சூரிய கிரகணத்துக்காக எகிப்து வரை போகலாம் என்று நண்பர்கள் அழைக்கிறார்கள். ஆறு நிமிட இருட்டுக்கு இவ்வளவு செலவு தகுமா? முன்பின் தெரியாதவர்கள் கூடி நின்று கத்துகிறார்கள், அழுகிறார்கள் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது மிகையில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கைக்கு அடங்கிய செலவென்றால் போய் வாருங்கள் என்பதே என் பதில். மிகையா என்ற கேள்விக்குத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சலும் கண்ணீரும் கிரகணத்தோடு ஒட்டிக்கொண்ட திருவிழாக் கோலாகலம் என்று நான் நினைக்கவில்லை. முழுக்கிரகணம் அமைந்திருக்கும் விதமே அதைத் தனியாகப் பார்த்து முடிக்க விடுவதில்லை.

முதலில், நீங்கள் பார்த்தது எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்தது கங்கண கிரகணம். அன்று நிலவு சூரிய வட்டின் பரப்பில் ஏறத்தாழ 94 விழுக்காட்டை மறைத்தது. மிச்சமிருந்த 6 விழுக்காடு சொற்பம் என்றுதான் தோன்றும். ஆனால் சூரியன் முழுநிலவைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு ஒளி மிக்கது. அந்தக் கணக்கில் அந்த மெல்லிய வளையத்திலிருந்து வந்த வெளிச்சம் ஏறக்குறைய 24,000 முழுநிலவுகளின் வெளிச்சத்துக்குச் சமம். அதனால்தான் அன்று வெயில் சோகையாகி, நிழல்கள் கூர்மையாகி, காற்றில் ஒரு குளுமை வந்ததே தவிர இருட்டவில்லை. கிரகணக் கண்ணாடியைக் கழற்றவும் யாராலும் முடியவில்லை. 99 விழுக்காடு மறையும் ஓர் ஊரில் நின்றாலும் நிலைமை அதிகம் மாறாது, அங்கேயும் 4,000 முழுநிலவுகள் மிச்சமிருக்கும். முழுக்கிரகணத்தின்போது மட்டுமே கண்ணுக்குத் தெரிகிற கொரோனா, அதாவது சூரியனைச் சூழ்ந்திருக்கும் அந்த மெல்லிய வெண்ணிற வளிமண்டலம், மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு முழுநிலவின் ஒளியைத் தாண்டுவதில்லை. ஆகவே கடைசி ஒரு விழுக்காடு மறையும் வரை அது வானத்தில் இருந்தும் இல்லாததுதான். பகுதி கிரகணம் படிப்படியாக வளர்ந்து முழுக்கிரகணம் ஆகிறது என்ற எண்ணத்தை அதனால் கைவிட வேண்டும். அந்த வாசற்படிக்கு இந்தப் பக்கம் பகல், அந்தப் பக்கம் நாம் அறியாத வேறொரு வானம்.

இப்படி ஒரு வாசற்படி இருப்பதே தற்செயல்தான். சூரியனின் விட்டம் நிலவின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 400 மடங்கு. சூரியன் இருக்கும் தொலைவும் நிலவின் தொலைவைப் போல ஏறத்தாழ 400 மடங்கு. அதனால் இரண்டும் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலமுள்ள ஒரே அளவு வட்டுகளாகத் தெரிகின்றன. நிலவின் பாதை நீள்வட்டம் என்பதால் அதன் தொலைவு சுமார் 3,56,000 கி.மீ. முதல் 4,06,000 கி.மீ. வரை மாறுகிறது. அருகில் இருக்கும் நாளில் கிரகணம் நேர்ந்தால் சூரியன் முற்றாக மறையும். தள்ளியிருக்கும் நாளில் நேர்ந்தால் வட்டு போதாமல் ஓரம் வளையமாக மிஞ்சும். நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 செ.மீ. வீதம் நம்மை விட்டு விலகிக்கொண்டிருப்பதால், பல கோடி ஆண்டுகளுக்குப் பிறகு பூமியில் கங்கண கிரகணங்கள் மட்டுமே மிஞ்சும். சூரியன் முற்றாக மறைந்து தெரியும் பகுதியான கருநிழலின் அகலம் பெரும்பாலும் 100 முதல் 200 கி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே உலகில் ஏதோ ஓரிடத்தில் சராசரியாக ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை முழுக்கிரகணம் நிகழ்ந்தாலும், ஒரே ஊருக்கு அது திரும்பி வரச் சராசரியாக 375 ஆண்டுகள் ஆகின்றன. 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 என நம் காலத்தில் தமிழகத்துக்கு வாய்த்த இரண்டுமே கங்கண கிரகணங்கள். தேடிப் போகாமல் வேறு வழியில்லை.

நான் முழுக்கிரகணத்தைப் பார்த்தது 2009 ஜூலை 22 அன்று, காசியில், அனுமன் காட் படித்துறையில். அந்தத் துறையைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வசிக்கின்றன. படிக்கட்டில் எனக்கு இரண்டு படி கீழே ஒரு கும்பகோணத்துப் பாட்டி ஈரப் புடவையோடு நின்றுகொண்டிருந்தார். காசியின் படித்துறைகள் எல்லாம் கிழக்கு பார்த்தவை, ஆகவே எழுந்து ஒரு மணி நேரமே ஆன சூரியன் நேர் எதிரே ஆற்றுக்கு மேல் நின்றது. அது மழைக்காலம். மேகம் வருவதும் விலகுவதுமாக இருந்தது. ஆறு மணி இருபது நிமிடத்தை ஒட்டி வெளிச்சத்தின் நிறமே கெட்டுப்போனது. அந்தியில் மஞ்சளும் சிவப்பும் ஏறுமே, அப்படி எதுவும் இல்லை. ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறத்தைப் போன்ற ஒரு சாம்பல் வெளிச்சம். பிறகு பிறை நூலாகி, நூல் அறுந்து மணிகளாகி, நிலவின் ஓரத்து மலைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தாக்குகள் வழியே கடைசி வெளிச்சம் கசிந்து, ஒரே ஒரு மணி மட்டும் வைரமாக எரிந்து அணைந்தது. சூரியன் இருந்த இடத்தில் மைக்கருப்பான ஒரு வட்டம், அதைச் சுற்றி இழை இழையாக வெண்மை.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு நினைவிருப்பதில் பாதி நான் பார்த்ததே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. "வெள்ளி, வெள்ளி!" என்று யாரோ இந்தியில் கத்தியபோதுதான் தலையை உயர்த்தி, சூரியனுக்கு வெகு மேலே வெள்ளிக்கோள் பளிச்சென்று நிற்பதைக் கண்டேன். பின்னாலிருந்து ஓர் இளைஞன் என் தோளைப் பிடித்துத் திருப்பியிராவிட்டால், தொடுவானம் நான்கு பக்கமும் ஆரஞ்சு நிறமாக, எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் பொழுது விடிவதைப் போல இருந்ததைக் கவனித்திருக்க மாட்டேன். மறைந்த வட்டின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொறி தெரிகிறது என்று பாட்டிதான் சொன்னார். எனக்கு அது பிடிபடுவதற்குள் போய்விட்டது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த ஆயிரக்கணக்கானவர்களிடமிருந்து "ஹர ஹர மகாதேவ்" என்ற ஒலி துறைக்குத் துறை தாவிச் சென்றது, சங்குகள் ஊதப்பட்டன, எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. மூன்று நிமிடத்தை ஒட்டிய நேரம். மறுபுறம் வைரம் மின்னியதும் அத்தனை பேரும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் என் குரலும் இருந்தது என்பது அது முடிந்த பிறகே எனக்கு உறைத்தது.

மூன்று நிமிடத்தில் கொரோனாவையும், கோள்களையும், தொடுவானத்தையும், ஓடும் நிழலையும், பறவைகளையும், தண்ணீரின் நிறத்தையும் ஒரே ஜோடிக் கண்கள் பார்த்து முடிக்க முடியாது. அதனால் பக்கத்தில் இருப்பவர் நமக்காகப் பார்க்கிறார், நாம் அவருக்காகப் பார்க்கிறோம். கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறோம், மொழி தெரியாதவரிடமும் விரலை நீட்டுகிறோம். வானவில்லையோ சூரிய உதயத்தையோ பார்க்கும்போது இந்த அவசரம் வருவதில்லை, ஏனென்றால் அவை காத்திருக்கும், திரும்பவும் வரும். கூடவே இன்னொன்று: திரையரங்கில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு நொடி முன்போ பின்போ சிரிக்கலாம், இங்கே கருநிழல் மணிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வந்து படித்துறை முழுவதையும் ஒரே நொடியில் மூடுகிறது. பணக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குப் பின்வரிசை என்று எதுவும் கிடையாது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொள்வதில் எனக்கு மிகை தெரியாமல் போனதற்கு இவைதான் காரணங்கள்.

அன்றைய தினத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே நாளில் பீகாரில் தாரேக்னா என்ற சிற்றூருக்குப் பெருங்கூட்டம் திரண்டது. ஆரியபட்டருடன் தொடர்புபடுத்திப் பேசப்படும் அந்த ஊர்தான் கிரகணம் பார்ப்பதற்குச் சிறந்த இடம் என்று முன்கூட்டியே பெரிதாகப் பேசப்பட்டிருந்தது. அங்கே மேகம் விலகவே இல்லை. இருட்டு வந்தது, போனது; வட்டமும் வெண்ணிழைகளும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. காசியிலோ விடிகாலை நெரிசலில் சிக்கி ஒரு பெண் உயிரிழந்தார். கூட்டமாகப் பார்ப்பதைப் புகழும்போது, கூட்டத்தை முறையாக நடத்தத் தெரியாத நம் பழக்கத்தையும் மறக்கக் கூடாது.

சேர்ந்து பார்ப்பதற்கு நேர்மாறான ஒரு நாளும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை பிற்பகல். கருநிழல் கர்நாடகக் கடற்கரையில் ஏறி, ராய்ச்சூர், ஹைதராபாத் அருகே என்று கடந்து ஒடிசாவின் கொணாரக் வழியாக வங்கக் கடலில் இறங்கியது. இவ்வளவு அகலமான நிலப்பரப்பில், பகல் வெளிச்சத்தில், இத்தனை கோடி மக்களின் வீட்டு வாசலில் வந்து நின்ற முழுக்கிரகணம் அது. ஆனால் கண் கெட்டுவிடும் என்ற எச்சரிக்கையும், தோஷம் பற்றிய அச்சமும் ஒன்றையொன்று வளர்த்துவிட, பெருநகரங்களின் தெருக்கள் ஊரடங்கு போட்டதைப் போல வெறிச்சோடின. மக்களை வீட்டுக்குள் இருத்தி வைப்பதற்காகத் தூர்தர்ஷனில் திரைப்படம் ஒளிபரப்பானது. ஆராய்ச்சியாளர்களும் அவர்களோடு சேர்ந்த சிறு கூட்டங்களும் வெளியில் நின்று பார்த்தார்கள். மற்றவர்கள் சன்னல்களை அடைத்துக்கொண்டு, வெளியே நடந்த ஒன்று முடிவதற்காகக் காத்திருந்தார்கள். இதற்கு மூடநம்பிக்கையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. எப்போது பார்க்கக் கூடாது என்பதை உரக்கச் சொன்ன நிபுணர்கள், எப்போது, எப்படிப் பார்க்கலாம் என்பதை அதே குரலில் சொல்லவில்லை.

நம் மரபும் அப்படியொன்றும் மனிதர்களை வானத்திடமிருந்து முற்றாகப் பிரித்து வைத்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது, சமைத்த உணவில் தர்ப்பை போட வேண்டும், கோயில் நடை சாத்த வேண்டும் என்பவை ஒரு பக்கம். கிரகணம் பிடிக்கும்போதும் விடும்போதும் கடலிலோ ஆற்றிலோ முழுக வேண்டும், முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டும் என்பவை மறுபக்கம். அவை மக்களைத் திறந்த வானத்தின் கீழே, நீர்த்துறைகளில் கூட்டமாகக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. 2010 ஜனவரி 15 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அன்று மாட்டுப் பொங்கல், கூடவே தை அமாவாசை, அதன் உச்சிப் பொழுதில் இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட கங்கண கிரகணம். ராமேசுவரத்தில் வளையம் 10 நிமிடத்துக்கு மேல் நின்றது. அக்னி தீர்த்தத்தில் பிண்டம் வைக்க வந்தவர்களும், தொலைநோக்கியோடு தனுஷ்கோடிக்கு வந்தவர்களும் ஒரே மணலில்தான் நின்றார்கள். ஒரே நிழலின் கீழ் எந்த நம்பிக்கைக்காரனும் நிற்கலாம் என்பது கிரகணத்தின் பெருந்தன்மை.

1980க்கும் 2019க்கும் இடையில் நிலைமை எவ்வளவு மாறியது என்பதை நான் திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பள்ளித் திடலில் பார்த்தேன். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருந்தன. கிரகணக் கண்ணாடிகள் கைக்குக் கை மாறின. சுனாமியின் பதினைந்தாம் நினைவு நாளும் அதுவே என்பதால், இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட்ட வாட்ஸ்அப் செய்திகளும் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனாலும் திடலில் கூட்டம் குறையவில்லை. ஒரு மாணவி வீட்டிலிருந்து மாவுச் சல்லடையைக் கொண்டுவந்திருந்தாள். அதை வெயிலில் பிடித்தபோது சிமெண்ட் தரையில் நூற்றுக்கணக்கான குட்டி வளையங்கள் விழுந்தன. கண்ணாடி போட்டுப் பார்க்க மறுத்து, முந்தானையால் தலையை மூடியபடி ஓரமாக நின்றிருந்த அவளுடைய அப்பத்தா குனிந்து, "இதென்னடி, தரையெல்லாம் வளவி கொட்டிக் கெடக்கு" என்று ஒன்றின் மேல் விரலை வைத்தார். வளையம் அவர் விரலின் மேல் ஏறிக்கொண்டது. பிறகு அவராகவே இன்னொரு கிழவியைக் கூப்பிட்டுக் காட்டினார்; கண்ணாடி கேட்டு வாங்குவதற்கு அதன் பிறகு அதிக நேரமாகவில்லை. வளையத்தையும் அவர் பார்த்தார் என்பதைவிட, பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரை அழைத்தார் என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அந்த 2019 வளையம் வந்த வழிக்கும் ஒரு பழைய கதை உண்டு. காசர்கோடு, நீலகிரி, கோவை, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் என்று அது போன பாதையை ஒட்டியே 1871 டிசம்பர் 12 அன்று காலையில் ஒரு முழுக்கிரகணத்தின் கருநிழல் கடந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த நார்மன் லாக்கியரின் குழு பேக்கல் கோட்டையில் முகாமிட்டது. பிரான்சின் ஜூல்ஸ் ஜான்சன் நீலகிரியில் சோலூரில் நின்றார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் அவிநாசியில், இத்தாலியின் ரெஸ்பிகி புதுக்கோட்டையில், வேறு சிலர் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் என்று பாதை நெடுகப் பரவி நின்றார்கள். மேகம் ஒரு முகாமைக் கெடுத்தாலும் இன்னொரு முகாம் தப்பும் என்பது ஒரு காரணம். இரண்டே நிமிடத்தில் ஒருவரால் ஒன்றைத்தான் அளக்க முடியும் என்பது இன்னொன்று. ஒருவர் ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறப்பட்டையான நிறமாலையைப் பார்க்க, ஒருவர் ஒளிப்படம் எடுக்க, ஒருவர் கையால் வரைய, ஒருவர் நொடிகளை உரக்க எண்ண வேண்டியிருந்தது. சோலூரில் ஜான்சன் கொரோனாவின் நிறமாலையில் சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகளைக் கண்டு, அந்த வெண்மையில் ஒரு பகுதி சூரிய ஒளி சிதறி வருவதுதான் என்று காட்டினார். மூன்றாண்டுகளுக்கு முன், 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தின்போது அவர் குண்டூரில் இருந்தார். அந்தக் கிரகணத்தில் பலர் கண்ட ஒரு மஞ்சள் கோடுதான் பின்னர் ஹீலியத்தின் கோடு என்று தெரியவந்தது. மசூலிப்பட்டினத்தில் நின்ற போக்சனும் அதைக் குறித்துவைத்தவர்களில் ஒருவர். சூரியனில் முதலில் கண்டறியப்பட்டு, 1895இல்தான் பூமியில் பிரித்தெடுக்கப்பட்ட தனிமம் அது. படித்துறையில் விரல் நீட்டிக் கத்துவதையும் இந்த முகாம்களின் வேலைப் பங்கீட்டையும் நான் வேறு வேறாகப் பார்ப்பதில்லை.

இதை எழுதும்போது, எல்லாம் நொடி சுத்தமாக முன்பே தெரிந்துவிட்ட பிறகு வியப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் எழக்கூடும். எனக்கு இது நேர்மாறாகத்தான் வேலை செய்தது. கைக்கடிகாரத்தில் குறித்த நொடியில் வானம் கறுக்கும்போது, அந்தக் கணக்கைப் போட்டவர்கள் மீதும் வியப்பு சேர்ந்துகொள்கிறது. கணக்கு என்றால் கணினி மட்டுமே என்று நினைக்க வேண்டாம். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், அட்டவணை எதையும் புரட்டாமல், மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்தி, அவ்வாண்டு மே இறுதியில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதை உடனிருந்து பதிவு செய்தவர், முன்பு சென்னை வானாய்வகப் பொறுப்பில் இருந்த ஜான் வாரன். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடமே. முடியும் நேரம் முக்கால் மணிக்கு மேல் தவறிவிட்டது. பிழையோடு சேர்த்தே அது பெரிய சாதனை. ஸ்பரிசம் (தொடக்கம்), மத்திமம் (நடு), மோட்சம் (முடிவு) என்று இன்றைய பஞ்சாங்கத்தில் அச்சாகும் மூன்று நேரங்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட மனிதர்களின் நெடிய வரிசை இருக்கிறது. அவர்களும் கணக்கை முடித்துவிட்டு, சரிபார்க்க வாசலுக்கு வந்து நின்றிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கூட்டத்தின் மனநிலையை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் குறுக்கே முழுக்கிரகணம் கடந்தபோது ட்விட்டரில் எழுதப்பட்டவற்றைக் கலிபோர்னியப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் சிலர் ஆராய்ந்தார்கள். நிழல் பாதைக்குள் இருந்தவர்களின் எழுத்தில் வியப்புச் சொற்கள் கூடியிருந்தன. "நான்" என்பதைவிட "நாம்" என்பது மேலோங்கியிருந்தது. பணிவும் பிறர் மீதான அக்கறையும் வெளிப்பட்டன. ட்விட்டரில் எழுதுவோரை வைத்து ஊர் உலகத்தின் மனத்தை அளக்க முடியாது என்பது என் கருத்து. ஆயினும் பாதைக்கு வெளியே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள் என்பதால் அந்த முடிவை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன்.

இனி உங்கள் பயணத்துக்கு வருவோம். கிரகணங்கள் சாரோஸ் என்ற சுழற்சியில் குடும்பம் குடும்பமாக வருகின்றன. 18 ஆண்டு, 11 நாள், சுமார் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே கிரகணம் மீண்டும் நிகழ்கிறது. அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், அது அடுத்த முறை வேறு கண்டத்தில் விழுகிறது. காசியில் நான் பார்த்த 2009 கிரகணமும் நீங்கள் போகவிருக்கும் 2027 கிரகணமும் ஒரே குடும்பம். நட்சத்திர ஒளி சூரியனருகே வளைகிறது என்ற ஐன்ஸ்டைனின் கணிப்பை எடிங்டன் குழுவினர் சோதித்த 1919 மே 29 கிரகணம் இந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர். 1955 ஜூன் 20 அன்று இலங்கையின் மேல் கடந்து, பெரும்பாலும் மேகத்துக்குள் வீணாய்ப் போனதும் இதுதான். 1973இல் ஆப்பிரிக்காவின் மேலே கான்கார்ட் விமானம் 74 நிமிடம் நிழலோடு சேர்ந்து பறந்ததும் இதே குடும்பத்தின் கிரகணத்தில்தான். மூன்று சுழற்சிக்கு ஒருமுறை குடும்பம் ஏறக்குறைய அதே நெட்டாங்குக்கு (தீர்க்கரேகைக்கு) திரும்பும். 1955இன் இலங்கைக்குப் பின் 2009இன் இந்தியா, 1973இன் ஆப்பிரிக்காவுக்குப் பின் 2027இன் ஆப்பிரிக்கா.

2027 ஆகஸ்ட் 2 அன்று நிழல் ஸ்பெயினின் தென்முனை, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா வழியாக எகிப்தை அடைகிறது. லக்சர் அருகே 6 நிமிடம் 23 நொடி. நிலத்தில் நின்று பார்க்க இதைவிட நீண்ட முழுக்கிரகணம் நம் ஆயுளில் வராது. ஆகஸ்டில் அங்கே மேகம் என்பது அபூர்வம், ஆகவே காசியிலும் தாரேக்னாவிலும் எங்களை வாட்டிய கவலை உங்களுக்கு இருக்காது. பதிலுக்கு வெப்பம் 40 பாகையைத் தாண்டும், சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். பாய் ஒன்றை எடுத்துப் போய் மல்லாந்து படுத்துப் பார்ப்பது கழுத்துக்கு நல்லது. எகிப்து ஒத்துவராவிட்டால் செங்கடலைத் தாண்டி ஜித்தா இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 6 நிமிடம், மக்காவில் 5 நிமிடத்துக்கு மேல். அந்த நகரங்களில் வேலை செய்யும் ஏராளமான தமிழர்களுக்கு இது வாசலுக்கே வருகிற கிரகணம். இஸ்லாத்தில் கிரகணத் தொழுகை கூட்டாகத் தொழப்படுவது என்பதால், அன்று அந்தப் பள்ளிவாசல்கள் எப்படி இருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே எனக்கு ஆவலாக இருக்கிறது.

கண் விஷயத்தில் விதி எளிது. சூரியனின் ஒரு நூலிழை தெரிந்தாலும் தரமான கிரகணக் கண்ணாடி வேண்டும்; எக்ஸ்ரே படம், கூலிங் கிளாஸ், சாணம் கரைத்த தண்ணீரில் பிரதிபலிப்பு ஆகிய எதுவும் உதவாது. கடைசி வைரம் அணைந்த நொடியிலிருந்து அது மறுபக்கம் மின்னும் வரை கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். முதல்முறை பார்ப்பவர்களில் பலர் பயத்தில் அதைக் கழற்றாமலே இருந்து, வெறும் கருப்பைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒளிப்படம் எடுப்பதை உங்களைவிடத் திறமையானவர்களிடம் விட்டுவிடுங்கள். உங்கள் நண்பர்களோடு அமர்ந்து, யார் தொடுவானத்தைப் பார்ப்பது, யார் கோள்களைத் தேடுவது, யார் மேற்கிலிருந்து வரும் நிழலைக் கவனித்துக் குரல் கொடுப்பது என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கடிகாரத்தை மட்டும் பார்த்து நிமிடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தால் நல்லது, ஆனால் அந்த வேலைக்கு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கைப்பேசியில் முன்கூட்டியே குரல் பதிவு செய்து ஓடவிடுங்கள். லக்சரில் விடுதி அறைகளுக்கு உலகம் முழுவதிலிருந்தும் போட்டி இருக்கும் என்பதால், போவதென்று முடிவு செய்துவிட்டால் விமானச் சீட்டுக்கு முன்பே தங்குமிடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.